செவிலிக்கு என்ன கூலி?

2024ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளிச் சத்துணவு மையங்களில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமித்துக்கொள்ளலாம். மாதம் 3,000 ரூபாய், தொகுப்பூதியம். ஓராண்டு மனநிறைவு தரும் வகையில் வேலை செய்தால் சிறப்புக் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவார்கள்; அதன் தொடக்கமும் 3,000தான். அடுத்த சில மாதங்களில் மாவட்டந்தோறும் விளம்பரங்கள் வந்தன. பத்தாம் வகுப்பில் தேறியிருக்கலாம், தேறாமலும் இருக்கலாம். வீட்டுக்கும் மையத்துக்கும் இடையே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பொதுப் பிரிவுக்கு ஒரு வயது வரம்பு, பழங்குடிப் பெண்ணுக்கு ஒன்று, விதவைக்கும் கணவரால் கைவிடப்பட்டவருக்கும் இன்னொன்று.

தமிழ் இலக்கியம் பாடம் சொல்லியே பிழைக்கிறவளுக்கு எது கையில் கிடைத்தாலும் அதைப் பாட்டைப் படிப்பதுபோலப் படிக்கும் வழக்கம் வந்துவிடும். கூற்று யாருடையது, கேட்போர் யார், சொல்லாமல் விடப்பட்டது என்ன. இந்த விளம்பரத்தின் கேட்போர் யார் என்பதில் குழப்பமே இல்லை. அந்தத் தெருவை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாதவள். வேறு ஆதரவு இல்லாதவள். வேண்டாம் என்று சொல்லும் வசதி இல்லாதவள். மூன்று கிலோமீட்டர் என்ற நிபந்தனைகூடத் தேவையில்லை. இந்தச் சம்பளத்துக்கு பஸ் ஏறி யாரும் வரப்போவதில்லை. மாதத்தில் இருபது நாள் மட்டுமே வேலை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 150 ரூபாய். அதே 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த நாள் கூலி 319 ரூபாய். ஏரிக்கரையில் மண் வெட்டினால் கிடைப்பதில் பாதிகூட இல்லை, நூறு பிள்ளைகளுக்கு அரிசி களைந்து, காய் நறுக்கி, அண்டா தேய்த்தால்.

இதை வைத்துச் சத்துணவுத் திட்டத்தையே பழிக்க நான் வரவில்லை. அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இலவசம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறார்கள். 1920இல் நீதிக்கட்சிக்காரர்கள் ஆண்ட சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முடிவெடுத்தபோது ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்குப் பார்த்தது. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு சனவரியில்தான் எங்கள் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டிருந்தது. 1982 சூலை 1இல் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார். 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. 2024 சூலையில் ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டபோது, தொடக்க விழா எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் நடந்தது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் எழுத்து ஏறாது என்பதை இந்த மாநிலம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டது. அந்தப் புரிதலுக்கு நான் என்றும் கடன்பட்டவள். என் வகுப்பில் உட்காரும் பெண்களில் பாதிப் பேர் அந்தச் சோற்றால் பத்தாவது தாண்டியவர்கள்.

என் கேள்வி வேறு. சோறு போட்டது யார் என்று கேட்டால் நாம் தலைவர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறோம். மேலே நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். சோற்றை வடித்தவளுக்கு இந்த வரலாற்றில் பெயர் இல்லை, சரி. அவளைக் குறிக்க நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?

முதல் சொல் மதிப்பூதியம். அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் ஒன்றிய அரசு தருவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபர் முதல் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்பது அதன் அளவு. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக்கொள்கிறது: 2025இல் தமிழ்நாட்டில் புதிதாக ஆள் எடுத்தபோது பணியாளருக்கு 7,700, உதவியாளருக்கு 4,100 என்று அறிவித்தார்கள். மதிப்பூதியம் என்ற சொல் எங்கள் கல்லூரியிலும் புழங்குகிறது. வேறு கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போனால், சால்வை போர்த்தி ஓர் உறையில் வைத்துத் தருவோமே, அதற்குப் பெயர் மதிப்பூதியம். அவருக்கு வேறு இடத்தில் சம்பளம் உண்டு. இது அவர் வந்ததற்கான மரியாதை. அந்தச் சொல்லை எடுத்து, காலை முதல் பிற்பகல் வரை இருபது முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, கழுவிவிட்டு, போலியோ முகாமுக்கும் கணக்கெடுப்புக்கும் வீடு வீடாக அலைகிற பெண்ணின் மாத வருமானத்துக்கு வைத்திருக்கிறார்கள். மதிப்பு என்று பெயரிட்டுவிட்டால் அளவைப் பற்றிப் பேச முடியாது. மரியாதையை யாராவது பேரம் பேசுவார்களா?

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். குஜராத்தில் ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டார்கள். அவர்கள் வாங்கியது ஊதியமே அல்ல, மதிப்பூதியம்தான்; ஆகவே பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அரசுத் தரப்பு வாதாடியது. உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. என்ன பெயரிட்டாலும் வேலைக்காகக் கொடுக்கப்படுவது அந்தச் சட்டத்தின் பார்வையில் ஊதியமே என்றும், 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என்றும் தீர்ப்புச் சொன்னது. ஒரு சொல்லின் பொருள் மாறியதில் எத்தனையோ கிழவிகளுக்குக் கடைசிக் காலத்தில் கையில் நாலு காசு. சொல்லாராய்ச்சி இதைவிட வேறு என்ன பயனைத் தர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சொல் தன்னார்வலர். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. இரண்டு ஆண்டுப் பள்ளியை இழந்த பிள்ளைகளுக்கு மாலையில் தெருவிலேயே வகுப்பு. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் படித்துவிட்டு, கல்யாணமாகி, வேலைக்குப் போகவிடாமல் வீட்டில் வைக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை அந்தத் திட்டம் கண்டுபிடித்துக் கொடுத்தது. பி.எட். முடித்தவர்களும் அதில் இருந்தார்கள். மொட்டை மாடியிலும் கோயில் திண்ணையிலும் பாய் விரித்துப் பாடம் சொன்னார்கள். அவர்களுக்கு ஆர்வம் இருந்தது உண்மை. ஆனால் பி.எட். படித்த ஓர் ஆண் மாதம் 1,000 ரூபாய்க்கு ஆர்வப்பட்டால் நாம் அவனைத் தன்னார்வலர் என்று சொல்ல மாட்டோம், பாவம் வேலை கிடைக்கவில்லை என்போம்.

(திட்டப் பெயர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தின் பெயர் புதுமைப் பெண். இரண்டு ஆண்டு கழித்து மாணவர்களுக்கும் அதே தொகை வந்தபோது வைத்த பெயர் தமிழ்ப் புதல்வன். பெண் படித்தால் புதுமை. ஆண் படித்தால் அவன் தமிழுக்கு வாரிசு. இரண்டையும் வாங்கும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

மூன்றாவது, எல்லாவற்றையும் ஆளும் சொல்: தாய். 2013இல் அம்மா உணவகம் வந்தது. அம்மா என்பது ஒரு தலைவியின் பட்டம். உள்ளே ஒரு ரூபாய் இட்லியை அவித்த சுய உதவிக் குழுப் பெண்கள் நாளைக்கு 300 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். 2025இல் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டத்துக்குத் தாயுமானவர் என்று பெயர் வைத்தார்கள். அருமையான பெயர். தாயுமானவர் திருச்சி மலைக்கோட்டைச் சிவன். பேறுகால வேதனையில் இருக்கும் மகளிடம் வர முடியாமல் தாய் அக்கரையில் நிற்கிறாள், காவிரியில் வெள்ளம். சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்துவிடுகிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வரும்போது இரண்டு தாய்கள் நிற்கிறார்கள், ஒருவர் மறைந்துவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கடவுள் பிரசவம் பார்க்கிறார், துணி அலசுகிறார் என்று கற்பனை செய்த மனம் எளிய மனம் அல்ல. ஆனால் நம் திட்டங்களில் கதை தலைகீழாக நடக்கிறது. சுவரொட்டியில் நிற்பவர் தாயுமானவர். அடுப்படியில் துணி அலசுபவள் வேறொருத்தி. கதையில் மறைந்துபோனது கடவுள். இங்கே மறைந்துபோவது அவள்.

அங்கன்வாடியிலும் இந்தத் தாய் வேறு வடிவில் இருக்கிறாள். ஆங்கன் என்றால் வடக்கே முற்றம். மகாராட்டிரக் கடற்கரைப் போர்டியில் 1945இல் பால்வாடி தொடங்கிய தாராபாய் மோதக்கும் அனுதாய் வாக்கும், ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே எடுத்துச் சென்றார்கள். அந்த முற்றம்தான் அங்கன்வாடி. 1975 அக்டோபரில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அந்தச் சொல்லை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000க்கும் மேற்பட்ட மையங்கள். ஆனால் எங்கள் பகுதியில் யாரும் அங்கன்வாடி உதவியாளர் என்று சொல்வதில்லை. ஆயா. போர்ச்சுகீசியரிடமிருந்து வெள்ளைக்காரர் எடுத்து, பங்களாக்களில் பிள்ளை பார்த்த வேலைக்காரிக்கு வைத்த சொல் ஒரு பக்கம். பாட்டியை ஆயா என்றழைக்கும் வடதமிழக வழக்கு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஒலியில் வந்து ஒட்டிக்கொண்டன. பாட்டி என்று நினைத்துப் பாசம் காட்டுகிறோம், வேலைக்காரி என்று நினைத்துப் பணம் கொடுக்கிறோம்.

சங்க இலக்கியத்தில் இவளுக்கு நல்ல சொல் ஒன்று இருந்தது. செவிலி. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தாய் என்று சொல்லத் தகுந்தவள் செவிலியே என்று தொல்காப்பியக் களவியல் சொல்கிறது, ஏனென்றால் மறைபொருளைப் பேசி முடிவெடுக்கும் இடம் அவளுடையது. அவளுக்குத் தனிக் கூற்று உண்டு. பெற்றவளைவிட அதிகமாகப் பேசுகிறாள், தேடி அலைகிறாள், அழுகிறாள். தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த குறுந்தொகை 167ஆம் பாட்டு அவள் சொல்வதுதான்: கல்யாணமாகிப் போன பெண்ணின் வீட்டுக்குப் போய், அவள் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே சமைத்துப் போட்டதையும், நன்றாக இருக்கிறது என்று கணவன் உண்டதையும், அதனால் அவள் முகம் மலர்ந்ததையும் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள்.

இந்தப் பாட்டை நடத்திய ஒரு நாள், பட்டாபிராம் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய அம்மா சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். "மேடம், செவிலிக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பாட்டில் பதில் இல்லை. பாட்டு, உண்டவன் சொன்ன ஒரு சொல்லையும் சமைத்தவள் முகத்தில் வந்த மலர்ச்சியையும் கொடுக்கல் வாங்கலாக வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அது அகப்பாட்டுக்குப் போதும். அந்த மலர்ச்சியை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியை எடுத்து வந்து அரசாணைக்குள் வைத்தால்தான் ஆபத்து. மனநிறைவு தரும் வகையில் பணிபுரிந்தால் என்ற தொடரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய அடுக்களைதான். செவிலியைப் பற்றித் தொல்காப்பியம் இன்னொன்றையும் சொல்கிறது: தோழி என்பவள் செவிலியின் மகள். நாம் தோழியின் அறிவையும் பேச்சையும் மெச்சுகிறோம், அவள் வேறு குடும்பத்துப் பெண் என்பதையும், ஒரு தாய் ஒரு வீட்டின் பிள்ளையை வளர்க்க, அவள் மகள் அதே பிள்ளைக்குத் துணையாக நிற்க, இந்தப் பணி தலைமுறையாகக் கைமாறுகிறது என்பதையும் வகுப்பில் சொல்வதில்லை. தலைவி தினைப்புனத்தில் காத்திருக்கும் நேரத்தில் செவிலியின் வீட்டில் அடுப்பெரிந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

காலை உணவுத் திட்டத்தின் நெறிமுறை ஒன்றைப் படித்தபோது எனக்குத் தோழிதான் நினைவுக்கு வந்தாள். ஊரகப் பள்ளிகளில் சமைக்க வரும் சுய உதவிக் குழுப் பெண்ணின் பிள்ளை அதே தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். எழுதியவர்களின் நோக்கம் நல்லது: தன் பிள்ளையும் சாப்பிடும் என்றால் உப்பும் சுத்தமும் சரியாக இருக்கும். ஆனால் இதன் பொருள் என்ன? சமைக்கத் தெரிந்தது தகுதி இல்லை. தாயாக இருப்பது தகுதி. பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் தகுதி தீர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து கிச்சடியோ பொங்கலோ உப்புமாவோ கிண்டி, பள்ளி மணி அடிப்பதற்குள் தட்டில் வைக்கும் கைத்திறன், ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வோடு காலாவதி ஆகிறது. பூவிருந்தவல்லியைத் தாண்டிப் போனால் பள்ளியிலேயே அடுப்பு எரியும் இந்த முறை இருக்கிறது. அம்பத்தூர் மாநகராட்சிப் பள்ளிகளுக்கோ பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வரும். முதலாவதில் சமைப்பவள் தாய், இரண்டாவதில் சமைப்பவள் கண்ணுக்கே தெரியாதவள்.

சரி, தாய் என்று சொன்னால் என்ன குறைந்துபோகிறது, அது மரியாதைதானே என்று கேட்பார்கள். அந்த மரியாதை எவ்வளவு தூரம் அவளைக் காக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சாதி நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பட்டியலினப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அவரை இடமாற்றம் செய்து அதிகாரிகள் முதலில் பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்தார்கள். 2023இல் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில் காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. சமைத்தவர் பட்டியலினப் பெண். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த இடம் என்று சொல்லப்படுவது அதே எட்டயபுரம். தாயின் கையில் தீட்டு என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ஆக, அந்தக் காலைகளில் அவள் தாயாக இல்லை. சம்பளம் கேட்கும்போது தாய் ஆகிறாள். சோறு போடும்போது சாதி ஆகிறாள். அப்போது அவளுக்குத் துணை நின்றவை வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், வேலையிலிருந்து இறங்க மறுத்த அவளுடைய பிடிவாதமும். தாய்மைப் புகழுரைகள் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு. இது எனக்கு எளிதான மறுப்பு அல்ல, ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் அந்தப் பெண்களே. கள்ளிக்குப்பம் பக்கம் ஒரு மையத்து ஆயாவிடம் இதைப் பேசிப் பார்த்தேன். என் கட்டுரை அவருக்குப் பிடிக்கவில்லை. 'எங்க புள்ளைங்க' என்று சொல்வதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அவர் மடியில்தான் முதல் தமிழ்ச் சொல்லைக் கற்கின்றன. 'ஆயா, தண்ணி' என்று. அந்தப் பெருமை பொய்யில்லை. பாசமும் கூலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று எண்ணும் வழக்கம் நம்முடையதுதான், அவருடையது இல்லை. மருத்துவர் நோயாளியிடம் அன்பாக இருந்தால் அவருடைய சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை. செவிலி என்ற பழஞ்சொல்லை நாம் மருத்துவமனைச் செவிலியருக்குக் கொடுத்தோம். அவர்கள் படிப்பு, பதவி, ஊதியக் குழு எல்லாவற்றோடும் அந்தச் சொல்லைத் தாங்குகிறார்கள், அன்பும் குறைந்துவிடவில்லை. வீட்டுவேலைக்குக் கூலி வேண்டும் என்று 1970களில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேசிய செல்மா ஜேம்சும் மரியாரோசா தல்லா கோஸ்தாவும் சில்வியா ஃபெடரிச்சியும் அன்பை ஒழிக்கச் சொல்லவில்லை. அன்பின் பெயரைச் சொல்லி வேலையை மறைக்காதே என்றார்கள்.

அந்தக் குரல் தமிழ்நாட்டு அரசாணைக்குள் ஒருமுறை வந்தும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது, அதற்கு உதவி என்று பெயர் வைக்கவில்லை. உரிமைத் தொகை என்று வைத்தார்கள். வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று விளக்கமும் சொன்னார்கள். குடும்பத் தலைவி என்ற சொல்லில் எனக்குச் சண்டை உண்டு என்றாலும், உரிமை என்ற அந்தச் சொல்லுக்காக எழுந்து நின்று கைதட்டலாம். ஆனால் அதே அரசின் இன்னொரு கோப்பில் தொகுப்பூதியம் இருக்கிறது, இன்னொன்றில் மதிப்பூதியம். தன் வீட்டு நாலு பேருக்குச் சமைத்தால் உரிமை, ஊரார் வீட்டு நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தால் மதிப்பு. இரண்டு கோப்பிலும் கையெழுத்துப் போடும் பெண் பெரும்பாலும் ஒருத்தியே. ஏழைக் குடும்பத்தை ஆதரிக்கும் திட்டம், இன்னொரு ஏழைக் குடும்பத்தின் பெண்ணைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டு நடக்கிறது. பிறகு அந்தக் குடும்பம் ஏன் இன்னும் பயனாளிப் பட்டியலிலேயே இருக்கிறது என்று கருத்தரங்கம் நடத்துகிறோம். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்று குறைந்தபட்சக் கூலி கொடுங்கள் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. ஓய்வுபெற்ற சத்துணவு ஊழியருக்கான மாத ஓய்வூதியம் பல ஆண்டுகள் 2,000 ரூபாயிலேயே நின்றிருந்தது. சத்துணவுச் சங்கமும் அங்கன்வாடிச் சங்கமும் சாலையில் உட்காரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் ஒரு கேள்வி வரும்: பிள்ளைகள் பட்டினி கிடக்குமே, இது சரியா? பேருந்து ஓட்டுநர் வேலைநிறுத்தம் செய்தால் பயணிகளுக்கு நீங்கள் அப்பா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் ஆய்வுக்கு இங்கே பொருள் எடுக்கலாம். சங்க இலக்கியத்தில் செவிலி என்று ஆயிரம் ஆய்வேடுகள் இருக்கின்றன. செவிலியின் பொருளாதாரம் பற்றி ஒன்றாவது வரட்டும். பதிவேடுகளையும் அரசாணைகளையும் ஆள் எடுக்கும் விளம்பரங்களையும் பெண்ணிய வாசிப்புக்கு உட்படுத்துங்கள். நம் அம்மாக்களைப் பற்றி மிக அதிகமாக எழுதப்பட்ட பனுவல்கள் அவைதான்.

கடைசியாக, எங்கள் பகுதியின் ஒரு நேரக் கணக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்கள் காலையில் மேனாம்பேடு, கொரட்டூர், பாடி, திருமுல்லைவாயில் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். முப்பதுக்கு மேல் பெண்கள் இருந்தால் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், ஐம்பது பேர் வேலை பார்த்தால் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தமும் 2025 வரை சொல்லிவந்தன. நான் பேசிய பெண்கள் தங்கள் பிள்ளைகளை அங்கன்வாடியில்தான் விடுகிறார்கள். அங்கன்வாடி மூன்றரை நாலு மணிக்குள் பூட்டப்படும். ஆலை விட்டுப் பெண்கள் வீடு சேர ஆறு, ஓவர்டைம் இருந்தால் எட்டு. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கின்றன என்று கள்ளிக்குப்பத்து ஆயாவிடம் கேட்டேன். இரண்டு மூன்று பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் விடுவாராம். தேநீரில் பன்னை நனைத்துக் கொடுத்து, டிவி போட்டு உட்கார வைத்திருப்பார். அம்மாக்கள் வேலை விட்டு வரும் வழியில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கு யாராவது ஏதாவது தருவார்களா என்று கேட்டதற்கு, தீபாவளிக்கு ஒருத்தி புடவை எடுத்துக் கொடுத்தாள் என்றார். மையத்தின் பதிவேட்டில் எடைக்கு ஒரு பத்தி இருக்கிறது, முட்டைக்கு ஒரு பத்தி, தடுப்பூசிக்கு ஒரு பத்தி. நாலு மணிக்குப் பிறகு எதற்கும் பத்தி இல்லை.